தூங்குமூஞ்சிக்குச் சொன்ன பாடம்

அறிவியல் வாத்தியார் விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கைச் சத்தமாக வாசிப்பார். குறைந்த மார்க்கை இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசிப்பார். பாவம், அந்த மனுஷனுக்கு வேறு சந்தோஷம் வாய்க்கவில்லை போலிருக்கிறது. அன்று டிரைவிங் மாஸ்டரின் மகளை எழுப்பி நிற்க வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் வாயைத் திறந்த நேரத்தில், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தகர டப்பா தரையில் விழுந்து உருண்டது. மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். வகுப்பே சிரித்த சிரிப்பில் மார்க் யார் காதிலும் விழவில்லை. தூக்கக் கலக்கத்தில் கை பட்டுவிட்டது என்று டப்பாக்காரி சொன்னாள். பீரியட் முடியும்வரை வெளியே நின்றாள். கை பட்ட நேரத்தில் அவள் கண் நன்றாகத் திறந்திருந்ததை, எழுந்து நின்றவள் ஒருத்திதான் பார்த்தாள்.

அந்த டப்பாக்காரியைத் தூங்குமூஞ்சி என்றுதான் பள்ளிக்கூடம் முழுக்கக் கூப்பிட்டது. அப்பா இல்லை. அவளும் அம்மாவும் மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு பேக்கரி. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, ஆறிய ரொட்டியைத் துண்டு போட்டு, கவரில் அடைத்து, கடைகளுக்குப் போகிற தட்டுகளில் அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் வருவாள். காதோரத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். மாமா தினமும் கண்ணை மூடி, மனமுருகிப் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பார். கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக மருமகளைத் திட்டுவார். கடவுள் அதற்குள் காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தாரோ என்னவோ.

அதற்காக அவளைப் பெரிய புண்ணியவதி என்று எண்ணிவிட வேண்டாம். பரீட்சையில் அடுத்தவள் தாளை எட்டிப் பார்ப்பாள். அதிலும் தன்னைப்போல ஒன்றும் தெரியாதவளின் தாளாகத் தேடிப் பார்ப்பாள்.

டிரைவிங் மாஸ்டரின் மகளுக்கு வகுப்பில் வைத்த பெயர் எல் போர்டு. ஓட்டத் தெரியாதவர்கள் வண்டியில் மாட்டுகிற பலகை. அவள் அறிவியலில் தேறவில்லை. விடுமுறை முடிகிறபோது ஒரு மறுபரீட்சை உண்டு. அதிலும் போனால் அப்பா சொல்லிவிட்டார்: புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு டிரைவிங் ஸ்கூல் மேஜையில் வந்து உட்கார வேண்டியது, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியது. அந்த மேஜை, மேலே கடகடக்கும் மின்விசிறி, சுவரில் தொங்கும் சிக்னல் படம், எல்லாம் அவள் கனவில் வந்து பயமுறுத்தின.

வீட்டில் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே. வண்டி ஓடி வந்ததா நின்றிருந்ததா என்று பானெட்டைத் தொட்டுப் பார்த்துப் பழகியவர் மாஸ்டர். மகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் உடனே வந்து நாற்காலியைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் படிப்பு நடக்கிறது. ஆறியிருந்தால் வீடு இரண்டாகும். இத்தனை வருஷம் ஊருக்கே ஓட்டச் சொல்லிக் கொடுத்தவருக்கு, நின்ற இடத்தில் நின்றுகொண்டே இன்ஜின் சூடாகும் என்பது தெரியாதா? தெரியும். வண்டி விஷயத்தில் தெரியும், மகள் விஷயத்தில் தெரியாது. அம்மா ஞாபகசக்தி டானிக் வாங்கி ஊற்றினாள். கூடவே ஆண்டவனிடம் பேரமும் பேசினாள், இவ்வளவு மார்க் கொடுத்தால் இன்னது செய்கிறேன் என்று. படைத்தவனைக் காய்கறிக்காரனாக்கிவிட்டுப் பக்தி என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொள்கிறார்கள்.

மகள் மட்டும் லேசுப்பட்டவளா? விடுமுறையின் முதல் நாள் முழுக்க டைம்டேபிள் வரைந்தாள். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, களைப்பில் இரண்டாம் நாள் ஓய்வெடுத்தாள். அப்புறம் மஞ்சள் பேனாவை எடுத்து முக்கியமான வரிகளில் கோடு இழுக்க ஆரம்பித்தாள். எல்லா வரியும் முக்கியமாகப் பட்டதால் புத்தகத்துக்கே மஞ்சள் காமாலை வந்துவிட்டது. ஆனால் வாசிப்பாள் பாருங்கள், தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசிப்பாள். அப்படித் தடங்கலில்லாமல் வாசிப்பதைத்தான் தெரிந்துகொள்வது என்று நினைத்திருந்தாள்.

தேறாதவர்களுக்கென்று விடுமுறையில் வகுப்பு வைத்தார்கள். அறிவியல் வாத்தியார் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துவிட்டு, செய்தித்தாளை விரித்துக்கொள்வார். எல் போர்டையும் தூங்குமூஞ்சியையும் ஒரே பெஞ்சில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரையும் கூட்டினா ஒரு பாஸ் மார்க் தேறுதான்னு பாப்போம்."

எல் போர்டுக்கு அவமானம் தாங்கவில்லை. தானும் தேறாதவள்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டு, கீழே கிடக்கிறவளுக்குப் பிச்சை போடுகிற தோரணையில் புத்தகத்தைத் திறந்து இதயம் பாடத்தை வாசித்தாள். அந்தப் பக்கம் முடிவதற்குள் இவள் தோளில் ஒரு தலை வந்து சாய்ந்தது. முழங்கையால் இடித்தாள்.

"புக்கு பேசினா எனக்குத் தூக்கம் வருதுடி. அத மூடிட்டு நீ பேசு" என்றாள் தூங்குமூஞ்சி.

எல் போர்டு அலட்சியமாகப் புத்தகத்தை மூடினாள். வாயைத் திறந்தாள். ஒரு சொல் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாலும் மஞ்சள் நிறம்தான் தெரிந்தது, எழுத்தைக் காணோம். திறந்து ஒரு வரி பார்த்தாள், மூடினாள், திக்கித் திணறிச் சொன்னாள். இதயத்திலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போகும், திரும்ப இதயத்துக்கு வரும், அப்புறம் உடம்புக்குப் போகும்.

"எதுக்கு திரும்பி வரணும்? அப்படியே நேரா உடம்புக்குப் போயிடலாம்ல?"

"இதுகூடத் தெரியாதா மண்டு?"

"தெரியாது. நீ சொல்லேன்."

"புக்குல அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும். ஏன்?"

எல் போர்டுக்குக் காது வரைக்கும் சூடேறியது. அன்று வீட்டுக்குப் போய், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு விஷயத்தைத் தேடுவதற்காகப் புத்தகத்தைத் திறந்தாள். மஞ்சளுக்கு அடியிலேயே பதில் கிடந்தது. மறுநாள் மிதப்பாக வந்து சொன்னாள். நுரையீரலில் முடியைவிட மெல்லிசான குழாய்கள், அவற்றில் புகுந்து வெளியே வருவதற்குள் ரத்தத்தின் வேகம் எல்லாம் போய்விடும், திரும்ப இதயத்துக்கு வந்து ஒரு தள்ளு வாங்கினால்தான் உடம்பெல்லாம் ஓட முடியும்.

தூங்குமூஞ்சி யோசித்தாள். "உங்கப்பாகிட்ட ஓட்டப் பழகற ஆளுங்க மாதிரி. பாதி ரோட்டுல நின்னுடும், பின்னால போய்த் தள்ளணும்."

எல் போர்டு சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பாடம் மறக்கவே இல்லை, எல் போர்டுக்கு. தூங்குமூஞ்சிக்கு மறுநாளே மறந்துபோயிற்று. பழையபடி கேட்டாள். எல் போர்டு திட்டிக்கொண்டே மறுபடி சொன்னாள். நடுவில் வேறு பாடத்துக்குப் போய்விட்டு வந்தால் அதற்குள் அவளுக்கு இதயமும் போயிருக்கும், சிறுநீரகமும் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு மக்கு உலகத்தில் உண்டா என்று எல் போர்டு வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். அந்தத் தூக்கம் ஒட்டிக்கொள்ளும், தள்ளியே உட்கார் என்றார் அப்பா. யாரால் யாருக்கு என்ன ஒட்டுகிறது என்பது அந்த வீட்டில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

ஒருநாள் நாற்காலி ஆறிக் கிடந்தது. மாஸ்டர் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், மகள் கொடியில் காய்கிற துணிகளுக்கு ஜீரணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நடக்கிறாள். நாளைக்குத் தூங்குமூஞ்சி என்னென்ன கேட்பாளோ என்ற பயம். மாஸ்டர் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து, புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்டார். அவள் தன் பேச்சில் சொன்னாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி இல்லை, எல்லாம் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பரீட்சை வரைக்கும் எழுந்திருக்கவே கூடாது என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் குனிந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. மாஸ்டருக்குப் பரம திருப்தி.

எல் போர்டு தேறினாள். நல்ல மார்க். மேஜையும் மின்விசிறியும் கனவோடு போயின.

பரீட்சை அன்றைக்கு மாமாவுக்குப் பெரிய ஆர்டர். ரொட்டியெல்லாம் அடுக்கிவிட்டு மாவுக் கையோடு ஓடி வந்தாள் தூங்குமூஞ்சி. முதல் கேள்விக்கு, இதயத்தைப் பற்றி, ஒரு பக்கம் எழுதினாள். அதன்மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். மணி அடித்தபோதுதான் எழுந்தாள். வாத்தியார் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அந்த ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது சரியா என்று வாசிக்க அவருக்கு நேரமில்லை. மாமா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, இதுவும் கடவுள் சித்தம் என்றார். தங்கள் சோம்பலையும் கஞ்சத்தனத்தையும் இறக்கி வைக்க இவர்களுக்கு வேறு தோளே கிடைப்பதில்லை.

மாஸ்டர் வண்டி பழக வருகிறவர்களிடமெல்லாம் நாற்காலிச் சூட்டின் மகிமையைச் சொன்னார். அம்மா டானிக் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் காட்டினாள். மகளும் தன் பங்குக்கு டைம்டேபிள் என்றாள். மூன்று பேரும் புளுகினார்கள். ஆண்டவன் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தது அவனுடைய பெருந்தன்மை.

பள்ளி திறப்பதற்கு முன்னால் எல் போர்டு ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனாள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி நின்றிருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், புது வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிறவள் பக்கத்தில் தனக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், அதற்காக அப்பாவே நேரில் போய்ப் பேசினதாகவும் பெருமையாகச் சொல்லிவைத்தாள். பின்னால் அடுப்பறையிலிருந்து மாமா சத்தம் போட்டார். தூங்குமூஞ்சி திரும்பிப் பார்க்காமல் ரொட்டியைக் கவரில் போட்டு, நுனியை முறுக்கி, அவள் கையில் கொடுத்தாள்.

"அவ பக்கத்துல உக்காராதடி" என்றாள். "அவளுக்கு எல்லாம் தெரியும். உன்ன ஒண்ணுமே கேக்க மாட்டா."