எறிகிறவள் ஒருத்திதான்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த முடிவைப் பற்றி இன்றைக்கும் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் மீன் வாங்கப் போனால் கேட்கிறார்கள், கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால் கேட்கிறார்கள். "இப்பவாவது பிழையெண்டு ஒத்துக்கொள்ளுறியளோ?" இல்லை, ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டு எழுதுவதுதான் மரியாதை.

பகலில் நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவள். மாலையில், வாரத்தில் இரண்டு நாள், ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழக மாணவிகள் அணிக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பழக்குகிறேன். சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னர் ரொறொன்ரோவில் அண்ணன்மாருடன் இருந்தேன். ஞாயிறு முழுக்க அந்த முட்டைப் பந்து ஆட்டம்தான் தொலைக்காட்சியில் ஓடும். வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன், கேள்வி கேட்டுக் கேட்டே படித்தேன். "இவளின்ரை வாய் ஓய்ஞ்சால்தான் எங்களுக்கு ஆட்டம் விளங்கும்" என்பான் சின்னண்ணன். சான்றிதழ் ஒன்றும் என்னிடம் கிடையாது. முன்பு இருந்த பயிற்றுவிப்பாளர் பேர்கன் நகரத்துக்கு வேலை மாறிப் போனபோது யார் பொறுப்பெடுப்பது என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாரும் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

எங்கள் பெண்கள் விளையாடுவது மோதி விழுத்தாத வகை. இடுப்புப் பட்டியில் இரண்டு நாடா தொங்கும். பந்தோடு ஓடுகிறவளின் நாடாவை உருவினால் ஓட்டம் அதோடு சரி. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் ஒருத்தி குவாட்டர்பேக். பந்து முதலில் அவள் கைக்குத்தான் வரும், மற்றவர்கள் ஓடுவார்கள், யாருக்கு எறிவது என்று அவள்தான் முடிவெடுப்பாள். எப்படி ஓடுவது என்பதற்கு முன்கூட்டியே வகுத்த வழிகள் உண்டு. அவற்றுக்கு நான் சாப்பாட்டுப் பெயர்தான் வைத்திருக்கிறேன். எல்லாரும் நேரே மேலே ஓடினால் புட்டு. ஒருத்தியை ஒருத்தி குறுக்கே வெட்டி ஓடினால் இடியப்பம். கிட்ட நிற்கிறவளுக்குச் சட்டென்று கொடுத்தால் சொதி. எதிரணிக்கு ஒன்றும் பிடிபடாது. எங்களுக்கோ விளையாட விளையாடப் பசிக்கும்.

எங்கள் குவாட்டர்பேக் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பக்கத்துப் பிள்ளை. இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அவளுடைய கை ஒரு அதிசயம். மைதானத்தின் அந்தத் தலைக்கு எறிவாள், பந்து ஒரு சுழி பிசகாமல் போய் இறங்கும். வசந்தத்தில் அவளுடைய பெருவிரல் சுளுக்கிக்கொண்டது. இரண்டாம் இடத்தில் இருந்தவளை இறக்கினேன். அவள் வடநோர்வேயில் ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை, பொன்தலைக்காரி. பக்கத்து வீட்டில் மீன் தொழிற்சாலையில் வேலைசெய்த தமிழ்க் குடும்பம் இருந்ததாம். அதனால் "இடியப்பம்" என்பதை எங்கள் பிள்ளைகளைவிடத் திருத்தமாகச் சொல்வாள். காற்று அடிக்கிறதே, எறிய முடியுமா என்று ஒருநாள் கேட்டேன். "இந்தக் காற்று எங்கள் ஊரில் பிறந்தது, இங்கே விடுமுறைக்கு வந்திருக்கிறது" என்றாள். இப்படிக் கதைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அதற்காக நான் அவளைப் போடவில்லை. அவள் இறங்கிய ஆட்டமெல்லாம் வென்றோம்.

பெருவிரல் ஆறியது. இறுதிப் போட்டிக்குப் போகிறவர்களைத் தீர்மானிக்கும் ஆட்டம் வந்தது. யார் எறிவது?

அணியின் நிர்வாகக் குழுத் தலைவி ஒரு நல்ல பிள்ளை, யாரையும் நோகடிக்க விரும்பாதவள். "ஆளுக்குப் பாதி ஆட்டம் கொடுப்போமே. எல்லாருக்கும் சந்தோஷம்" என்றாள். இந்த நாட்டில் எதற்கும் இந்த மருந்துதான். நான் தலையாட்டவில்லை. பாதி பாதியென்றால் இரண்டு பேரும் பந்தைப் பார்க்க மாட்டார்கள், ஓரத்தில் மாற்று ஆள் இருக்கிற வாங்கைப் பார்ப்பார்கள். ஒரு எறி பிழைத்தால் மற்றவள் எழும்புகிறாளா என்று திரும்பிப் பார்ப்பார்கள். எறிகிறவள் ஒருத்திதான் என்றேன்.

கதை என்னைவிட வேகமாகக் குறொன்லாண்டுக்குப் போய்விட்டது. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் தமிழ்ப் பிள்ளையின் தகப்பன்.

"தங்கச்சி, கேள்விப்பட்டது மெய்யோ?"

"என்ன கேள்விப்பட்டியள் அண்ணை?"

"எங்கட பிள்ளையை வாங்கிலை இருத்திப்போட்டு அந்த வெள்ளைப் பிள்ளையை விடப்போறியளாம்."

"ஓம். விடப்போறன்."

"ஏன், எங்கட பிள்ளைக்குக் கை வழங்காதோ?"

"அவளின்ரை கைக்கு நிகர் இந்த ஊரிலை இல்லை."

"பிறகென்ன? நாங்கள் இஞ்சை வந்து எத்தினை இடத்திலை பின்னுக்கு நிண்டனாங்கள். ஒரு இடத்திலை எங்கட பிள்ளை முன்னுக்கு நிண்டது, அதையும் எங்கட ஆளே பிடிச்சு இழுக்குது."

அது என்னைச் சுட்டது. அவர் பொய் சொல்லவில்லை. நானும் பின்னுக்கு நின்றவள்தான். அதனால்தான் சொன்னேன்: "அண்ணை, தமிழெண்டு அவளை விளையாட விட்டால், நாளைக்கு ஆரும் தமிழெண்டு அவளை மறிக்கேக்கை நான் என்ன வாயோடை கேக்கிறது?"

"நல்லாக் கதைக்கிறியள். அப்ப அவள் இனி வரமாட்டாள். அவ்வளவுதான்."

கடைக்காரர் எனக்குச் சும்மா ஒரு கட்டு கறிவேப்பிலையைப் பையில் வைத்தார். இரக்கமோ என்னவோ.

பிள்ளையிடம் நானே நேரில் சொல்லவேண்டும் என்றிருந்தேன். பயிற்சி முடிந்து குரோருட் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை, முறைத்தாள்.

"அன்ரி, ஸ்காடெ, காயம், வந்தது என்ரை பிழையோ? விரல் சுளுக்கினதுக்குத் தண்டனையோ?"

"விரலுக்காக இல்லையடி. நீ தூரத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறாய். கிட்ட ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாள், நீ அவளைக் காணுறேல்லை. வடக்குப் பிள்ளை காணுறாள்."

"தூர எறிஞ்சால்தானே ஆக்கள் கைதட்டுகினம்."

"ஓம், நானும்தான் தட்டினனான்."

ரயில் வந்தது. அவள் வேறு பெட்டியில் போய் ஏறினாள்.

ஞாயிறு மழை. செயற்கைப் புல்லில் தண்ணீர் மினுங்கியது. வரமாட்டாள் என்றவர் மகளோடு வந்திருந்தார். தகப்பன் மைதானக் கோட்டுக்கு வெளியே குடையோடு, மகள் வாங்கில் தலைக்கு மேல் போர்வையோடு. வடக்குப் பிள்ளை எறிந்த முதல் பந்தே எதிரணிக்காரி கையில் போய் விழுந்தது. குடைக்குள்ளிருந்து "கண்டியளோ!" என்று ஒரு சத்தம். நான் திரும்பவில்லை. "சொதி!" என்று கத்தினேன். சின்னச் சின்ன எறியாகப் போட்டு அவள் அணியை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனாள். அவர்கள் புள்ளி அடித்தார்கள், நாங்களும் அடித்தோம். கடைசியில் நாங்கள் கொஞ்சம் பின்னுக்கு. ஒரேயொரு எறிக்குத்தான் நேரம் இருந்தது. பந்தோடு தாண்டினால் புள்ளி கிடைக்கிற கோடு தூரத்தில்.

தூரம் என்றால் யாருடைய கை என்று எல்லாருக்கும் தெரியும். குழுத் தலைவி என் காதருகே வந்து "இப்போது மாற்றுவோமா?" என்றாள். தகப்பன் குடையை மடக்கிவிட்டார், மழைக்குள் நின்றார். வாங்கில் பிள்ளை போர்வையை எடுத்துவிட்டு விரல்களை ஊதிச் சூடாக்கினாள். வடக்குப் பிள்ளையும் என்னைத்தான் பார்த்தாள். மாற்றினால் கோபிக்க மாட்டாள் என்று முகத்திலே தெரிந்தது.

நான் மாற்றவில்லை. ஒருத்தியை நம்புகிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவள், கடைசிப் பந்து வரும்போது கையை விடலாமா? அதோடு, இவ்வளவு நேரம் மழையில் இருத்திவைத்த பிள்ளையை ஒரு எறிக்கு மட்டும் கூப்பிடுவது, அவளை வெறும் கையாகப் பார்ப்பதல்லவா? "இடியப்பம்" என்றேன்.

வடக்குப் பிள்ளை நடுவில் வெட்டி ஓடியவளுக்கு எறிந்தாள். பிடித்தவள் ஓடினாள், ஓடினாள். கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னர் நாடா உருவப்பட்டது.

தோற்றோம்.

நனைந்து ஒட்டிய தலையோடு தகப்பன் வந்தார். "என்ன சொன்னனான்?"

"சொன்னியள் அண்ணை. இன்னொருக்கா அதே பந்து வந்தாலும் நான் இதைத்தான் செய்வன்."

"உங்களுக்குக் கொழுப்பு."

"இருக்கு."

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிரவு சமைத்ததை அப்படியே மூடி வைத்தேன். தோற்றது பெரிதில்லை. அந்தப் பிள்ளை இனி வராமல் விட்டால் என்ன செய்வது என்பதுதான் யோசனை. ஆனால் ஒரு பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடுவதற்காக என் வாயால் பொய் சொல்ல மாட்டேன் என்றும் தெரிந்திருந்தது. நான் அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னதாக ஒருத்தி வந்து நின்றாள். தோளில் பை.

"அப்பா வேண்டாமெண்டவர்" என்றாள். "நான் வந்தனான்."

"வா."

"உங்களோடை சமாதானமாக வரேல்லை, அன்ரி. உங்களிலை எனக்கு இன்னும் கோபம். என்ரை இடத்தைத் திருப்பி எடுக்க வந்தனான்."

"நான் தரமாட்டன். ஏலுமெண்டால் எடு."

மற்றவர்கள் வந்தார்கள். வடக்குப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் பந்தை அவளிடம் எறிந்துவிட்டு, கிட்ட ஓடி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தமிழ்ப் பிள்ளை அவளைப் பார்த்தாள். வடிவாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, பலம் முழுவதையும் சேர்த்து, எல்லாருடைய தலைக்கும் மேலால், வேலிக்கு அப்பால் போய் விழ எறிந்தாள்.

"போய் எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

அவள் ஓடினாள்.