விருந்தினர் புத்தகத்தில் நான் எழுதிய மூன்று பிழைகள்

ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு இரவு தங்குவதற்காக, மலையகத்தில், நானுஓயாவிலிருந்து வான் வண்டியில் இருபது நிமிடத் தொலைவில் ஒரு குடும்ப விடுதியை என் கணவர் இணையத்தில் தேடிப் பிடித்தார். வாடகை எங்கள் கைக்கு அடக்கமாக இருந்தது. விடுதி முழுவதையும் ஒரு தேயிலைத் தோட்டம் போலவே அமைத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் போல வரிசையாக எட்டு அறைகள், மேலே தகரக் கூரை. ஒவ்வோர் அறைக்கும் தொழிற்சாலை வேலை ஒன்றின் பெயர். எங்களுக்கு ‘வாட்டல்’ கிடைத்தது. பக்கத்து அறை ‘அரைத்தல்’. பிள்ளைகளின் சறுக்குமரம் தேநீர்க் கேத்தல் வடிவத்தில் இருந்தது. சாப்பாடு பரிமாறியவர் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வேடத்தில் வந்தார்.

“லயத்துல இருந்து தப்பிச்சு வந்தவளக் காசு குடுத்துத் திரும்பவும் லயத்துல கொண்டாந்து போட்டுட்டேன்,” என்று கணவர் சிரித்தார்.

அவர் கொழும்பில் பிறந்தவர். நான் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு லயத்தின் நான்காவது காம்பராவில், ஒற்றை அறையில், பிறந்தவள். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வெந்நீர்க் குழாயும் வெள்ளை விரிப்பும் இருந்தது என்னவோ செய்தது. அன்றைய நாட்குறிப்பில் அறையின் நீள அகலத்தை எழுதினேன், அதை எழுதவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொழுந்து எடுக்கும் நிகழ்ச்சி. விடுதிக்குப் பின்னால் சமதரையில் நாற்பது செடிகள் இருந்தன. என் வயதை ஒத்த ஒரு பெண் கூடையோடு வந்து, விருந்தினர் பிள்ளைகளுக்கு செடி கீறாமல் இருக்க இடுப்பில் முரட்டுப் படங்குச் சீலையைக் கட்டிவிட்டார். என் மகளுக்குக் கட்டும்போது சொன்னார்: “மலையில ஏற முடியல பாப்பா, முட்டி தேஞ்சிருச்சு. தோட்டத்துல நிப்பாட்டிட்டாங்க. இங்க தரை மட்டமா இருக்கு, அதான் பொழப்பு ஓடுது.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். அது என் காதில் விழுந்தது. என் கவனமோ கூடைக் கயிற்றில் இருந்தது.

பிற்பகல் தேநீருக்குப் பிறகு, வரவேற்பு மேசையிலிருந்த விருந்தினர் கருத்துப் புத்தகத்தை எடுத்து இலக்கமிட்டு எழுதினேன். ஒன்று, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட வேண்டும், தோளில் அல்ல. இரண்டு, செடியின் மட்டம் பார்க்க மட்டக்கம்பு வைக்கவில்லை. மூன்று, நிகழ்ச்சி நடத்துபவர் கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலையைப் பறிக்கிறார். பிள்ளைகளும் அதையே கற்கிறார்கள். கீழே கையெழுத்திட்டேன். அம்மாவின் தொழிலைத் தப்பாகக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று நினைத்தேன்.

கணவர் என் தோளுக்கு மேலாக வாசித்தார். “நீ மொத்தம் எத்தன நாள் கொழுந்து எடுத்த?”

“பள்ளிக்கூட லீவுல ரெண்டு வாரம்.”

“அம்மாடி! அப்ப பெரிய கங்காணிதான்.”

அடுத்த நாள் காலை முகாமையாளர் எங்கள் மேசைக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான ஆள். “ரொம்ப நன்றிங்க மெடம். நீங்க எழுதினத நேத்தே படம் புடிச்சு முதலாளிக்கு அனுப்பிட்டேன். அந்த அக்காவ இன்னையோட நிப்பாட்டச் சொல்லிட்டாரு. டவுன்ல இருந்து ரெண்டு பொண்ணுங்கள எடுக்கிறோம்.”

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அந்தப் பெண் கூடையைக் கவிழ்த்து வைத்து, வரம்புக் கல்லில் உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

“நீங்கதானா அந்தத் தொரசாணியம்மா?”

நான் தோட்டத்தில் பிறந்தவள் என்றும் என் அம்மா கொழுந்து எடுத்தவர் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது மன்னிப்பாகாது என்று தெரிந்தது.

“கயித்தத் தலையில போட்டா வர்றவங்களுக்கு முடி கலையுதுன்னு தோள்ல போடச் சொன்னது அந்த மெனேஜர் தம்பிதான். மட்டக்கம்பு புள்ளைங்க கண்ணுல குத்தும்னு வாங்கி உள்ள வச்சதும் அவருதான். முத்தின எலயப் பறிச்சேன், அது நெசம். இந்த நாப்பது செடியிலயும் தெனம் ரெண்டு வேள கை வைக்கிறாங்க. ஒருதரம் எடுத்தா ஏழு நாளு விடணும்னு ஒங்கம்மா சொல்லலியா? அப்புறம் கொழுந்து எங்க இருந்து வரும்? நீங்க ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, பாப்போம்.”

நான் குனிந்து தேடினேன். முதல் வரிசை முழுவதும் தேடினேன். கிள்ளிய காம்புகளும் கரும்பச்சை இலைகளும்தான் இருந்தன. நேற்று இதே இடத்தில் அரை மணி நேரம் நின்று, எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக எண்ணியிருந்தேன்.

“ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்,” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து புத்தகத்தை வாங்கினேன். என் மூன்று குறிப்புகளும் அறியாமல் எழுதியவை என்றும், குறை அந்தப் பெண்ணுடையது அல்ல, ஏற்பாட்டினுடையது என்றும் கீழே எழுதிக் கையெழுத்திட்டேன். முகாமையாளர் வாசித்தார்.

“ஐயோ மெடம், நீங்க மொதல்ல எழுதினதுதான் ரொம்ப சரி. இதுல எங்க மேலதானே குத்தம் வருது?”

“இதையும் முதலாளிக்கு அனுப்புங்க.”

“அனுப்புறேன், அனுப்புறேன்.” அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. முதலாளியின் இலக்கத்தைக் கேட்டேன். விடுதியின் அட்டையைக் கொடுத்தார். பத்தே முக்காலுக்கு எங்கள் வான் புறப்பட்டது.

ஒன்பது நாள் கழித்து, கொழும்பிலிருந்து விடுதிக்கு அழைத்தேன். அதே முகாமையாளர்தான். என் குரலைக் கேட்டதும் உற்சாகமானார்.

“மெடம், ப்ரோகிராம் இப்ப சூப்பர். பக்கத்துத் தோட்டத்துல இருந்து காலையிலயே கொழுந்து வாங்கிட்டு வந்து செடி மேல தூவி வச்சிர்றோம். புள்ளைங்க அத எடுத்துக் கூடையில போடுறாங்க. கயிறும் தலையிலதான்.”

“அந்த அம்மா?”

“குசினியில காய் வெட்டக் கூப்பிட்டோம். அவங்க வரலிங்க.”

வீடு எங்கே என்று கேட்டேன். எந்தத் தோட்டம், எந்த லயம், யாரிடமாவது விசாரிக்க முடியுமா என்றும் கேட்டேன்.

“அது தெரியாதுங்க மெடம். காலையில பஸ்ல வந்து எறங்குவாங்க, சாயங்காலம் போயிருவாங்க. அவ்வளவுதான் தெரியும்.”