கிளுவை வேலியும் ஒரு போத்தல் இரத்தமும்

முதலில் இரத்தத்தைக் கண்டது வேப்பங்குச்சியில்தான். கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த என் கணவர் குச்சியைத் தூக்கிக் காட்டி, "பாரு பாக்கியம், வெத்தல போடாமலே வாய் செவந்துபோச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருப்பீர்களானால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

நாங்கள் மலைநாட்டுக்காரர். எழுபத்தேழில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வன்னியில் புளியங்குளத்துக்குக் கிட்டக் காடு வெட்டிக் குடியேறினோம். தோட்டத்தில் எனக்குத் தவறணையில் வேலை. தவறணை என்றால் கன்று உண்டாக்கும் இடம். ஓர் இலையும் அதன் அடியில் விரலளவு தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பையில் குத்தி, நிழல் போட்டு, தண்ணீர் தெளித்து மாதக்கணக்கில் காத்திருப்போம். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்த்தால் கங்காணியிடம் அன்றைக்கு நல்ல ஏச்சு விழும். துளிரைக் கண்டு ஏமாறவும் கூடாது. தண்டு தனக்குள் வைத்திருக்கும் சத்திலேயே முதல் இலைகள் வந்துவிடும். வேர் விட்டதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். இதைப் பதினான்கு வயதிலிருந்தே நான் அறிந்திருந்தேன்.

அந்தப் பழக்கம் வன்னிக்கும் கூடவே வந்தது. பால்மாப் பேணியிலும் உடைந்த பானையிலும் மாதுளை, செவ்வரத்தை, எலுமிச்சை என்று கிடைத்த கிளையெல்லாம் கிணற்றடி நிழலில் வைத்தேன். அயலில் நான்கு வளவுக்கு (வீட்டு நிலத்துக்கு) என் கையால் கன்று போயிருக்கிறது. "ஒங்கையில வெளக்குமாத்துக் குச்சியக் குடுத்தாலும் தழைச்சிரும்" என்று அவர் கேலி செய்வார்.

வேப்பங்குச்சிக்குப் பிறகு தொடையிலும் கையிலும் அடிபடாமலே நீலம் பூத்தது. துலாவில் இரண்டு வாளி இழுத்தால் மூச்சு வாங்கினார். ஒருநாள் மிளகாய்ப் பாத்தியில் மண்வெட்டியோடு சரிந்தார். வவுனியாவில் இரத்தம் சோதித்துவிட்டு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி எலும்பு மச்சையை (எலும்புக்குள் இரத்தம் உண்டாகும் மென்மையான பகுதி) எடுத்தார்கள். மண்வெட்டி பிடித்த மனிதர் என் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு படுத்திருந்தார்.

மச்சை வற்றிப்போயிருந்தது. அதனால் வந்த மூன்று குறைகளையும் டாக்டர் விளக்கினார். செவ்வணு (உடம்புக்குத் தெம்பு தருவது) இல்லாததால் களைப்பு. சிறுதட்டு (இரத்தத்தை உறையவைப்பது) இல்லாததால் முரசிலிருந்து (பல் ஈறு) இரத்தக் கசிவு. வெள்ளையணு (கிருமியோடு போராடுவது) இல்லாததால் சின்னக் காயமும் ஆபத்து.

"ஏன் டாக்டர் வந்துச்சு? நான் ஆக்கிப்போட்டதுல ஏதும் பெசகா?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா. கனபேருக்குக் காரணம் பிடிபடுறேல்லை. உங்களைக் குறை சொல்லாதேங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்லுறன், மறந்துபோடாதேங்கோ. நாங்கள் ஏத்துற இரத்தம் மூண்டு கிழமைக்குத்தான் நிக்கும். இவருடைய எலும்பிலை இரத்தம் தானாய் ஊறத் தொடங்கவேணும். அதுவரைக்கும் முகம் சிவந்திட்டுதெண்டு நம்பிப்போடாதேங்கோ. காய்ச்சல் காய்ஞ்சால் அண்டைக்கே கொண்டுவாங்கோ."

நான் தலையாட்டினேன். விளங்கித்தான் ஆட்டினேன்.

குளிசைகள் (மாத்திரைகள்) தந்தார்கள். மூன்று கிழமைக்கு (வாரத்துக்கு) ஒரு வியாழன், விடிய முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருவோம். போகும்போது என் தோளில் சாய்ந்திருப்பார். வரும்போது யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டோரத்து மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்.

நான்காம் முறை அவருடைய வகை இரத்தம் ஆஸ்பத்திரியில் இல்லை. என்னுடையதைச் சோதித்தார்கள். பொருந்தியது. ஒரு போத்தல் எடுத்தார்கள். அடுத்த நாள் அது அவருடைய கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

"போச்சு. இனிமே நானும் ஒன்னய மாதிரிக் கோவக்காரனா ஆயிருவேன்" என்றார். வார்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த முறை அவருடைய முகம் முன்னெப்போதையும் விடச் சிவந்தது. இரண்டாம் தரம் சோறு கேட்டார். என் இரத்தம் என்பதால்தான் என்று நினைத்தேன். என் கை வைத்தால் எதுவும் வேர் பிடிக்கும் என்ற செருக்கு எனக்கு அந்த மனிதர் விஷயத்திலும் இருந்தது.

மூன்றாம் கிழமை முடியும்போது ஐப்பசி மழை விழுந்தது. அடுத்த வளவில் இருந்த மணியக்கா யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். வேலிக்கு ஒரு கட்டுக் கிளுவங்கதியால் (ஊன்றினால் மரமாகும் தடி) வெட்டிக் கொண்டுவந்து போட்டார்.

"தங்கச்சி, இந்த ஈரத்திலை நட்டால்தான் கதியால் பிடிக்கும். பிந்தினால் பேந்து மாடு பூந்து உங்கடை மிளகாயை முடிச்சுப்போடும்."

அடுத்த நாள் வியாழன். "கிளினிக்குப் போகணுமே பாக்கியம்" என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

"மொகத்தக் கண்ணாடியில பாருங்க. யாருக்கு வேணும் ரத்தம்? வேலியப் போட்டுட்டு அடுத்த கெழம போவோம்." இதைச் சொன்னது நான்.

இரண்டு நாளில் இருபத்து மூன்று கதியால் நட்டார். அலவாங்கால் (கடப்பாரை) நான் குழி போட, அவர் ஒவ்வொன்றையும் நிறுத்தி, அடியை மிதித்து இறுக்கினார். கிளுவைக்கு முள் உண்டு. ஒரு முள் வலது கைப் பெருவிரல் நகத்தடியில் ஏறியதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த தடியைத் தூக்கியிருக்கிறார். மூன்றாம் நாள் நடுங்கிக்கொண்டு படுத்தபோதுதான் விரலைப் பார்த்தேன். கறுத்து வீங்கியிருந்தது.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா வேலிய விட்டுட்டு என்னய இழுத்துக்கிட்டுப் போயிருப்பியே."

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஊசி மருந்து மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து, "துளுத்திருச்சா?" என்று கேட்டார். "எல்லாம் துளுத்திருச்சு" என்றேன். நான் எங்கே பார்த்தேன்? அவர் விரல்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

"முந்தின வியாழன் வந்திருந்தாலும் தப்பியிருப்பாரெண்டு நான் சொல்லமாட்டன் அம்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆறுதலா, உண்மையா என்று இந்த எட்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

வான் வண்டியில் அவரை வளவுக்குக் கொண்டுவந்தபோது இருபத்து மூன்றும் துளிர்த்திருந்தன. நான் சொன்ன பொய் உண்மையாகியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் நான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

மாசியில் வெயில் ஏறியது. துளிர்த்தவற்றில் சில வாடத் தொடங்கின. எது வேர் விட்டது, எது வெறும் துளிர் என்று தெரியாமல் விடிய விடிய வேலியோரம் நடந்தேன். ஒருநாள், அவர் கடைசியாக நட்ட தடியைப் பிடுங்கிப் பார்த்தேன். தவறணையில் பன்னிரண்டு வருடம் செய்யாததைச் செய்தேன். அடியில் நூல் நூலாக வெள்ளை வேர் தொங்கியது. அந்தத் தடி பிடித்திருந்தது. அதே குழியில் வைத்து மிதித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு கிழமையில் காய்ந்துவிட்டது.

அவரைச் சோதிக்க வேண்டிய நாளில் நான் சோதிக்கவிடவில்லை. அந்தத் தடியை விட்டுவிட வேண்டிய நாளில் விடவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் முடியாது. நீங்கள் மட்டும் முகத்தை நம்பாமல் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் எழுதியிருக்கும் இரத்த அளவைக் கேட்டுப் பாருங்கள். குறித்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

மிச்சக் கிளுவைகள் இப்போது மரங்கள். காய்ந்துபோன தடியின் இடத்தில் நான் எதையும் நடவில்லை. ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. ரோட்டுக்குப் போக அதுதான் கிட்டிய வழி. எனக்கு மாதமும் வருடமும் சரியாகத் தெரிவதில்லை, மூன்று கிழமைதான் தெரியும். அந்த வியாழன் வந்தால் உடம்பு தானாக எழும்பி, முகம் கழுவி, அந்த இடைவெளியால் நடந்து பஸ்ஸுக்கு நிற்கும். "வவுனியாவோ அம்மா?" என்று கொண்டக்டர் கேட்பான். "இல்ல தம்பி, சும்மா வந்தேன்" என்பேன்.

பஸ் போன பிறகு முழங்கை மடிப்பைத் தடவிப் பார்ப்பேன். ஊசி ஏறிய தழும்புகூட அங்கே இல்லை. எடுத்த ஒரு போத்தலை என் உடம்பு யாரையும் கேட்காமல் சில கிழமைக்குள் திரும்ப ஊறவைத்துக்கொண்டது. அவருடைய உடம்பிடம் நாங்கள் கேட்டது அவ்வளவுதான். என் உடம்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.