பாட்டில் வாங்கிய வெள்ளிக்கிழமைகள்

அரிசியை விலைக்கு விற்பதைவிட இலவசமாகக் கொடுப்பது கஷ்டம். ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். நான் மாட்டிக்கொண்டது குவைத் அப்பாசியாவில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில். கம்பெனி மூடிப்போய், லேபர் கோர்ட்டில் கேஸ் முடியக் காத்திருக்கும் நம் ஆட்களுக்கு மாதம் ஒரு பை அரிசி பருப்பு கொடுப்போம்.

புது விதி

அரிசி தந்தவர் மளிகைக்கடை கனி பாய். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்களில் போதை மாத்திரை ஓடுகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். இனி சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால்தான் அரிசி, தேறாதவர் சிகிச்சையை முடித்துவிட்டு வரட்டும் என்றார். கமிட்டி தலையாட்டியது. பாட்டில் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலில் வந்தவர் செல்வம், அரியலூர்க் கொத்தனார். நான்கு மாதமாக வேலை இல்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரூமுக்குப் போய் நிரப்பி வருவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று கேட்டார்:

"வாங்க வந்தவன்கிட்டயே ஒண்ணு வாங்கிட்டுத்தான் தருவீங்களாண்ணே?"

சர்க்கரை

கிளினிக்கிலிருந்து முடிவு வந்தது. போதை எதுவும் இல்லை, சர்க்கரைதான் எக்கச்சக்கம். செல்வத்தை உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னேன். சோற்றைக் குறைக்கவேண்டும், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றெல்லாம். தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"அது எனக்கில்லண்ணே. ரூம்ல இருக்குற ராஜேந்திரன் அண்ணனுக்கு."

வலி மாத்திரை

போன வருடம் சாரத்திலிருந்து விழுந்ததில் செல்வத்துக்கு முதுகில் அடி. கேம்ப்பில் ஒருவன் வலி மாத்திரை கொடுத்தான். இப்போது அது இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் கை நடுங்குகிறது. விஷயம் வெளியே தெரிந்தால் போலீஸ், அப்புறம் ஊருக்கு விமானம், கேஸும் போய்விடும். அதனால்தான் பாட்டிலை ராஜேந்திரனிடம் நிரப்பி வாங்கியிருக்கிறார்.

எனக்குப் பழக்கமான ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம், மூன்று மாதம் ஆகும் என்றார். வெளியே வந்து செல்வம் சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"விழுந்ததுலேர்ந்து இன்னிக்குத்தாண்ணே ஒருத்தர் முதுகைத் தொட்டுப் பாத்தாரு."

மருந்துச் சீட்டு

விதிப்படி அந்த மூன்று மாதமும் அவருக்கு அரிசி கிடையாது. நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் மருந்துச் சீட்டு படிக்கக் கற்றது, என் மனைவி படுத்திருந்த இரண்டு வருடத்தில். அவளும் இதே மாதிரி மாத்திரைதான் சாப்பிட்டாள். யாரும் அவளிடம் பாட்டில் கேட்கவில்லை.

செல்வத்தின் சீட்டில் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாயிடம் நீட்டினேன். நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். "பாய், நம்ம விதிப்படி மருந்துக்கு அப்புறம் சோறு. டாக்டர் சோத்துக்கு அப்புறம் மருந்துன்னு எழுதியிருக்கார். யார் சொல்றதைக் கேக்குறது?"

பாய் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். ஒருவருக்கு வெங்காயம் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மறுபடி படித்தார்.

"டாக்டர் சொல்றதையே கேளுங்க. அந்தச் சர்க்கரைக்காரருக்கு மட்டும் அரிசி வேணாம், கோதுமை மாவு போடுங்க."

எங்கள் போதைப் பரிசோதனை மொத்தத்தில் கண்டுபிடித்தது ஒரு முதுகுவலியும் ஒரு சர்க்கரை வியாதியும்தான், அதுவும் பாட்டிலை மாற்றிக் கொடுத்த புண்ணியத்தால்.