சட்டனில் மூடிய கிணறு

லண்டனுக்குத் தெற்கே சட்டனில் ஒரு வீட்டின் பின்பக்கம் அறை ஒன்று கட்ட நிலத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தபோது மண்ணைக் குத்திய என் அலவாங்கு உள்ளே வெறுமையான சத்தம் போட்டது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் பெரிய கற்பலகை. நானும் மேசன் அண்ணையும் சேர்ந்து அதைப் புரட்டினோம். கீழே கிணறு. செங்கல்லால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நூறு வருடமாவது இருக்கும்.

மேசன் அண்ணை என்னை வேலைக்கு வைத்திருந்தவர். எனக்கு அப்போது விசா இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், நான்கு நாடுகளில் படுத்தெழும்பி, லண்டனுக்கு வந்து மூன்று வருடம். ஒரு வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்காதவன். அவரிடம் எட்டு மாதம் நின்றேன், படுக்க இடமும் தந்தார் என்பதால்.

வேறு யாராவது அந்தக் கிணற்றைக் கண்டிருந்தால் வேலி போட்டுவிட்டு யாருக்காவது தொலைபேசி எடுத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணம். முதலில் ஒரு கல்லைப் போட்டோம். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அடுத்ததாக அண்ணை கேட்டது, நல்ல தண்ணியோ உவரோ என்று. புது வாளியில் கயிறு கட்டி அள்ளினோம். இரண்டு பேரும் குடித்தோம். பல் கூசும் குளிர். நல்ல தண்ணீர்.

வீட்டுக்கார அக்காவுக்கும் ஒரு கிளாஸில் கொடுத்தேன். அவ குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பித் தந்தா. அவவின் கவலை வேறு. புருஷன் பாரிசவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாடிப்படி ஏற ஏலாது. கீழே ஒரு படுக்கை அறையும் குளியலறையும் இருந்தால்தான் வீட்டுக்கு விடுவோம், இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததை அவ கண்டதில்லையாம். அந்த அறை மூன்று கிழமையில், இருபத்தொரு நாளுக்குள், முடிய வேண்டும்.

மறுநாள் காலை கவுன்சில் ஆள், நகரசபை அதிகாரி, அத்திவாரம் பார்க்க வருவதாக இருந்தது. கிணறு இருக்கிறது என்று தெரிந்தால் வேலையை நிறுத்துவான், எஞ்சினியர் வருவான், நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற வேறொரு அலுவலகம் வரும், எதால் மூடலாம் என்று அனுமதி எழுதி முடிக்க மாதங்கள் போகும் என்று அண்ணை சொன்னார். பின்னேரத்துக்குள் மூட வேண்டும் என்றார்.

மூடுவதற்கு எங்களிடம், அறைக்காக இடித்த கராஜின் இடிபாடு இருந்தது. செங்கல், மண். அதோடு கராஜின் கூரைத் தகடுகள், அஸ்பெஸ்டஸ். வீட்டுக்காரர் வாகனம் திருத்துகிற பழக்கம் உள்ளவர். அவருடைய பழைய எஞ்சின் எண்ணெய் இரண்டு பெரிய பீப்பாய் நிறைய இருந்தது. குப்பைத் தொட்டி கொண்டுவந்த லொறிக்காரன் தகட்டையும் எண்ணெயையும் ஏற்ற மாட்டேன் என்று விட்டுப் போயிருந்தான். எல்லாம் கிணற்றுக்குள் போகட்டும் என்றார் அண்ணை.

"கல்லு மண்ணைப் போடுவம். எண்ணெய் வேண்டாம், அண்ணை," என்றேன்.

"முதல்ல விசாவை எடு. பிறகு எனக்குச் சட்டம் சொல்லு."

நான்தான் ஊற்றினேன். அண்ணைக்கு முதுகு நோ. பீப்பாயைச் சரித்துப் பிடித்தபோது எண்ணெய் கறுப்பாக ஒரே இழையாக இறங்கியது. கீழே போய் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே கேட்கவில்லை. இரண்டாவது பீப்பாய்க்கும் கேட்கவில்லை. அதற்கு மேல் தகடு, செங்கல், மண் எல்லாம் தள்ளி மட்டம் செய்தோம்.

காலையில் வந்த கவுன்சில் ஆள், நிலத்தில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்டீர்களா என்று கேட்டார். சுண்ணாம்புக்கல்தான், நல்ல இறுக்கம் என்றார் அண்ணை. கவுன்சில் ஆள் என்னையும் பார்த்தார். நான் சிரித்தேன். இங்கிலீஷ் தெரியாதவன் என்று நினைத்திருப்பார். கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது கிழமை வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார்.

பிறகு நான் லண்டனின் மேற்கே ஹவுன்ஸ்லோவில் இருந்தேன், விமான நிலையத்தில் துப்புரவு ஷிப்ட். அதன்பின் பக்கத்துச் சவுத்தாலில் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்தேன். விசா கிடைத்தது. சட்டன் பக்கம் போகவில்லை. ஆனால் எந்த வீட்டில் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்கும்வரை என் உடம்பு ஒரு கணம் நின்றுவிடும். கேட்டபிறகுதான் மூச்சு வரும். இந்தத் தண்ணீர் அங்கேயிருந்து வரவில்லை என்று தெரியும். தெரிந்தும் ஒன்றும் மாறவில்லை.

சென்ற வருடம் சட்டனில் ஒரு பூங்காவில் புல் வெட்டுகிற வேலை கிடைத்தது. அங்கே நிலத்தில் ஒரு இரும்பு மூடி. ஒரு பெண் அதைத் திறந்து நீர்மட்டம் அளக்கிற நீளமான நாடா ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தா. நாடா தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று சத்தம் வந்தது. நான் வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனேன். கவுன்சிலில் நிலம் பார்க்கிற பிரிவாம். இந்த ஊருக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதற்குள் தண்ணீர் நடக்கிறது, ஓர் இடத்தில் ஊற்றியது இன்னோர் இடத்தில் கிளம்பும், அதனால்தான் நிலத்துக்குள் எதையும் விட அனுமதி வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னா. பழைய கிணறுகள்தான் பெரிய பயம் என்றா. எங்கே இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாதாம்.

எனக்கு ஒன்று தெரியும் என்று சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே கேட்டேன்.

அவ கோபப்படவில்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு எண்ணெய், எந்த வருடம் என்று எழுதினா. அதற்கு மேல் இப்போது ஆள் இருக்கிறதா என்றா. இருக்கிறது என்றேன். முதலில் துளை போட்டுப் பார்ப்போம், எண்ணெய் இருந்தால் தளத்தை உடைக்க வேண்டிவரும் என்றா.

அன்று பின்னேரம் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதம் வருவதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. முழுவதையும் அவ கேட்டா.

"நான் மேல யன்னலாலை பாத்தனான், தம்பி," என்றா. "நீ ஊத்தினதையும் பாத்தனான், ஊத்திப்போட்டு எட்டிப் பாத்ததையும் பாத்தனான். இந்த அறை இல்லாட்டி இவர் வீட்டுக்கு வந்திருக்கமாட்டார்."

"தெரியும் அக்கா."

"இப்ப இவரை எங்க கொண்டுபோய் வைக்கச் சொல்லுறாய்?"

அவ தொலைபேசியை வைத்துவிட்டா.

மேசன் அண்ணையின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. கிணறு சரியாக எந்த இடம் என்று காட்ட அவர்களுக்குக் கிடைத்தவன் நான் ஒருவன்தான். வரச் சொன்னார்கள், போனேன். கவுன்சில் பெண் வீட்டு வரைபடத்தோடு வாசலில் நின்றா. அக்கா கதவைத் திறந்தா. தேத்தண்ணி வேணுமோ என்று அந்தப் பெண்ணைக் கேட்டா, என்னைக் கேட்கவில்லை.

அறை துப்புரவாக இருந்தது. யன்னலோரம் மூச்சுக்கு ஒட்சிசன் மெஷின். நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டில். வீட்டுக்காரர் மெலிந்திருந்தார், கண் மட்டும் எங்கள் பின்னால் வந்தது. என்னவாம் என்று வாயைக் கோணி மனைவியைக் கேட்டார்.

"தண்ணி பாக்க வந்திருக்கினம்," என்றா அவ.

கவுன்சில் பெண் என்னைப் பார்த்தா. பழைய சமையலறைச் சுவரிலிருந்து ஆறு அடி, வேலியிலிருந்து ஒன்பது. அளக்கத் தேவையிருக்கவில்லை. நான் கட்டிலைக் காட்டினேன்.

வீட்டுக்காரர், நான் தன்னைத்தான் காட்டுகிறேன் என்று நினைத்தார். ஏலுமான கையை மெல்லத் தூக்கி எனக்கு அசைத்தார்.