ரோஜாப்பூ கிளாசு

போடி கடைத்தெருவில் இன்று ஒரு பாத்திரக் கடை அலமாரியில் அதே ரோஜாப்பூ போட்ட, தங்க விளிம்பு வைத்த கண்ணாடி கிளாசுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய அந்தத் தகரக்கூரை வீடுகளின் வரிசையில், முதல் வீடான எங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படிப்பட்ட கிளாசுகள் இருந்தன. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் ஆத்தா அவற்றை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தனுப்புவாள், அவை கிணுகிணுத்தபடி வீடு வீடாகப் போய் ஏலக்காய் டீ மணத்தோடு திரும்பி வரும்.

மண் சரிந்து ஆத்தாவோடு லயமே புதைந்த அன்று, சாமான் வாங்கப் போயிருந்த போடியிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஓடிவந்த அப்பா, எது யார் வீடென்றே தெரியாத சேற்றில் ஒரு ரோஜாப்பூ கிளாசைக் கண்டெடுத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"நம்ம வீட்டுக் கிளாசு. அவ இங்கனதான் இருப்பா, வெரசாத் தோண்டுங்கப்பா."

பொழுது சாயும்வரை எல்லோரும் அங்கேயே தோண்டினார்கள். தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பஸ் ஏற்றிவிட அவளையும் கூட்டிப் போய்த் தப்பித்து, பாதை மூடியதால் சுற்றி நடந்த கடைசி வீட்டு அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அப்பா கையிலிருந்த கிளாசையே பார்த்தாள்.

"அண்ணே, இது எங்க வீடு. கிளாசை நாந்தான் காலையில வாங்கியாந்தேன்."