ஒரு கட்டை மாஸ்டர்

எங்கள் மெல்லிசைக் குழுவில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கீபோர்டு வாசிப்பவனுக்கு அந்தப் பட்டம் தானாக வந்துவிடும், தகுதியை யாரும் சோதிப்பதில்லை. சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரு கட்டையில் மட்டும். பாடுகிறவர் ஐந்து கட்டை கேட்டால் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிடுவேன். விரல் பழைய இடத்திலேயே போகும், சத்தம் ஐந்து கட்டையில் வரும். உத்திரமேரூரைச் சுற்றிப் பத்து வருடம் இப்படியே ஓட்டினேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, எங்கள் கோரஸ் பெண்கள் இருவரும் ஒரே மாதத்தில் கல்யாணமாகிப் போனார்கள். குழுவை நடத்திய பாய்க்கு பஜாரில் செருப்புக் கடை.

"மெட்ராஸ்ல ஒரு கீபோர்டுகாரரு கீறாரு. கோரஸ் பொண்ணுங்களயும் கூட்டிக்கினு வராராம். இன்னா பண்லாம் சொல்லு மாஸ்டர்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறு தொழில் தெரியாது. "ஒரு பொட்டி வந்துகீது பாய். ஒருத்தர் பாடினா மூணு பேரு பாடற மாதிரி கேக்கும்" என்று வாயை விட்டேன்.

"சரி, மாகறல் ரிசப்ஷன்ல பாப்போம். செட் ஆவலேன்னா அவர வரச் சொல்லிடறேன்."

பெட்டியை ஒரு நண்பனிடம் இரவல் வாங்கினேன். மைக் அதற்குள் போகும். கீபோர்டிலிருந்து மிடி கேபிள் ஒன்றும் போகும். நான் எந்தச் சுரங்களை அழுத்துகிறேனோ, அந்தச் சுரங்களில் பாடுகிறவரின் குரலையே கூடுதலாக எழுப்பித் தரும். வீட்டில் நானே பாடிப் பார்த்தேன். என் குரலுக்கும் ஒரு கட்டைதான் ஒத்துவரும். அத்தனை அழகாக வந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, யார் வந்திருப்பது என்று கேட்டாள். எங்கள் பாடகி அக்காவுக்குப் பகலெல்லாம் தையல் வேலை, ஒத்திகைக்கு வர முடியவில்லை. வராவிட்டால் என்ன, எல்லாம் தயார் என்று சொல்லி அனுப்பினேன். அத்தனை மிதப்பு.

மாகறலில் அக்கா வழக்கம்போல் ஐந்து கட்டையில் எடுத்தார். என் பொத்தானும் ஐந்தில் இருந்தது. கீபோர்டு சரியாக ஒலிக்க, பெட்டி மட்டும் வேறெங்கோ போய்ப் பாடியது. அந்தப் பொத்தான் மாற்றுவது ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைத்தான். கேபிளில் போவது என் விரல் தொட்ட கட்டை. ஊரையே ஏமாற்றியவனால் ஒரு கேபிளை ஏமாற்ற முடியவில்லை.

"இன்னாப்பா, கெணத்துல வியுந்தவங்க கத்தற மாதிரி கீது" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். மேடை ஓரத்தில் நின்ற பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெட்டியை அணைத்தால் கோரஸ் போச்சு, கூடவே என் பிழைப்பும் போச்சு.

அக்கா பாட்டை நிறுத்தினார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பொத்தான எடுத்துட்டு வாசி தம்பி. நான் ஒரு கட்டையில பாடிக்கிறேன்."

என் குட்டு அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"ரொம்பக் கீழ போவும்க்கா. உங்களுக்கு ஒத்துக்காது."

"வாசி."

அடித்தொண்டையில் கரகரவென்று பாடினார். "ஆம்பளக் குரலு" என்று பையன்கள் கத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. மேலே பெட்டியின் குரல்கள் அச்சாக வந்து உட்கார்ந்தன. கைதட்டல் முழுவதும் கோரஸுக்கு.

பாய்க்கு ஏக சந்தோஷம். அக்காவிடம் மட்டும் முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ஆமா பாய். தொண்ட சரியில்ல."

தொண்டை சரியில்லை என்று ஒரு பாடகி தன் வாயாலேயே சொன்னால், அடுத்த கச்சேரிக்கு வேறு ஆளைத் தேடிவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். நான் பக்கத்திலேயே கேபிளைச் சுருட்டிக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன்.

வேனில் கேட்டேன். "ஏங்க்கா அப்பிடிச் சொன்னீங்க?"

"இத்தினி வருசமா நீ என் கட்டைக்கு வந்துக்கினு கீற. ஒரு நாளு நான் உன் கட்டைக்கு வந்தா இன்னா?"

வந்தது நான் இல்லை, பொத்தான். அது தெரிந்தும் அப்படிச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை செருப்புக் கடைக்குப் போய், அக்கா தொண்டைக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் ஐந்து கட்டை வராது என்று சொன்னேன். பாய் கையிலிருந்த டப்பாவை அடுக்கில் வைத்துவிட்டு, "அடுத்த முகூர்த்தத்துக்குள்ள கத்துக்கோ" என்றார்.

அடுத்த முகூர்த்தத்தில் ஐந்து கட்டையில் விரல் வைத்தே வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பியது. அந்தத் தப்பையும் பெட்டி அக்காவின் குரலிலேயே சபைக்குப் பாடிக் காட்டியது. அவர் திரும்பி முதலில் என் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டார்.